நாய்ப் பார்வோ வைரசு நோய்

நாய்ப் பார்வோ வைரசு நோய் என்பது நாய்களைத் தாக்கும் கடுமையான குடல் தொற்றுநோய் ஆகும். பார்வோ வைரசு என்னும் மிகச் சிறிய தீநுண்மியால் இது உண்டாகின்றது. எல்லா வயது நாய்களையும் இது தாக்கக் கூடும். எனினும் ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையிலான குட்டிகளே பெரும்பாலும் பாதிக்கப்படுகின்றன. வாந்தி, இரத்தம் கலந்த கழிச்சல், கடும் சோர்வு ஆகியவை முதன்மையான அறிகுறிகள். தமிழகத்தில் நாய் வளர்ப்போர் இதனைப் பேச்சு வழக்கில் 'பார்வோ' என்றோ 'இரத்தக் கழிச்சல்' என்றோ குறிப்பிடுவர்.

சிகிச்சை பெறாத குட்டிகளில் பத்தில் ஒன்பது வரை இறக்க நேரிடலாம். உரிய நேரத்தில் முறையான சிகிச்சை பெறுபவற்றில் பெரும்பாலானவை பிழைத்துக் கொள்கின்றன. வைரசை நேரடியாக அழிக்கும் மருந்து பரவலான பயன்பாட்டில் இல்லை. ஆனால் நல்ல பலன் தரும் தடுப்பூசி 1980களிலிருந்தே உள்ளது. இருந்தும் 'தடுப்பூசி போட்ட' குட்டிகள் பல இந்நோயால் இறக்கின்றன. தாயிடமிருந்து குட்டி பெறும் எதிர்ப்பொருள் தடுப்பூசியின் செயலைத் தடுப்பதும், அதனால் ஒரே ஓர் ஊசி போதாமல் போவதும் இதற்கு முக்கியக் காரணங்கள். இது கீழே தடுப்பூசி என்னும் பகுதியில் விளக்கப்பட்டுள்ளது.

பெயர்

இலத்தீன் மொழியில் 'பார்வசு' என்பதற்குச் 'சிறியது' என்று பொருள். வைரசுகளிலேயே மிகச் சிறியவற்றுள் ஒன்று என்பதால் இப்பெயர் ஏற்பட்டது. நாய்களில் இருவகைப் பார்வோ வைரசுகள் நெடுங்காலமாக அறியப்பட்டவை. முதலாம் வகை 1967இல் கண்டறியப்பட்டது. அது பெரும்பாலும் பிறந்து சில வாரங்களே ஆன குட்டிகளை மட்டும் பாதிப்பது. இக்கட்டுரையில் கூறப்படும் நோயை உண்டாக்குவது 1978இல் அறியப்பட்ட இரண்டாம் வகை ஆகும்.

நோய்க்காரணி

இவ்வைரசு ஏறத்தாழ 25 நானோமீட்டர் விட்டம் கொண்டது. இதன் மரபுப்பொருள் ஏறத்தாழ 5,200 நியூக்கிளியோடைடுகள் கொண்ட ஒற்றை இழை டி.என்.ஏ. ஆகும். அதனைச் சுற்றி 60 புரத அலகுகளால் ஆன கூடு அமைந்துள்ளது.

நோயைத் தடுக்க முயல்வோர் இதன் இரண்டு பண்புகளை அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, இவ்வைரசுக்குக் கொழுப்பாலான வெளியுறை கிடையாது. சோப்பு, ஆல்ககால் போன்றவை அத்தகைய கொழுப்புறையைக் கரைத்தே பல வைரசுகளைச் செயலிழக்கச் செய்கின்றன. கரைப்பதற்கு உறையே இல்லாததால் பார்வோ வைரசு அவற்றுக்கு அசைவதில்லை. வெயில் படாத, ஈரமான இடத்தில் இது பல மாதங்கள், சில வேளைகளில் ஓராண்டுக்கு மேலும் தொற்றும் ஆற்றலுடன் இருக்க வல்லது.

இரண்டாவது, தன்னைப் பெருக்கிக் கொள்வதற்கான நொதிகள் இதனிடம் இல்லை. எனவே விரைவாகப் பிரிந்து பெருகும் உயிரணுக்களுக்குள் மட்டுமே இது பெருக முடியும். குடலின் உட்பரப்பு, எலும்பு மச்சை, நிணநீர் உறுப்புகள் ஆகியவற்றில் அத்தகைய உயிரணுக்கள் மிகுதி. வளரும் குட்டிகளின் உடலில் இவை இன்னும் வேகமாகப் பிரிகின்றன. குட்டிகள் கடுமையாகப் பாதிக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வரலாறு

தோற்றம்

பூனைகளில் வெள்ளையணுக்களைக் குறைக்கும் ஒரு பார்வோ வைரசு நோய் நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தது. அவ்வைரசிலிருந்தோ அதற்கு மிக நெருங்கிய வேறொன்றிலிருந்தோ நாய்ப் பார்வோ வைரசு தோன்றியதாகக் கருதப்படுகின்றது. புரதக் கூட்டில் ஏற்பட்ட சில மாற்றங்கள், நாயின் உயிரணுக்களின் மேலுள்ள டிரான்சுபெரின் ஏற்பியுடன் இணையும் திறனை இதற்கு அளித்தன.

1978இல் அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஜப்பான் எனப் பல நாடுகளில் ஏறத்தாழ ஒரே காலத்தில் இந்நோய் அறியப்பட்டது. அப்போது எந்த நாய்க்கும் இதற்கு எதிர்ப்பாற்றல் இல்லாததால் குட்டிகளும் வளர்ந்த நாய்களும் பெருமளவில் இறந்தன. சேமித்து வைக்கப்பட்டிருந்த பழைய இரத்த மாதிரிகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, 1970களின் நடுப்பகுதியிலேயே ஐரோப்பாவில் இவ்வைரசு இருந்தது தெரிய வந்தது.

தொடக்கத்தில் பூனைகளுக்கான தடுப்பூசியே நாய்களுக்கும் போடப்பட்டது. பின்னர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லீலண்ட் கார்மைக்கேல், மேக்சு ஆப்பெல் ஆகியோர் நாய் வைரசைக் கொண்டே தடுப்பூசியை உருவாக்கினர்.

வைரசும் மாறிக்கொண்டே வந்தது. 1980ஆம் ஆண்டளவில் 2ஏ என்னும் திரிபும், 1984இல் 2பி என்னும் திரிபும் அறியப்பட்டன. 2000ஆம் ஆண்டில் இத்தாலியில் 2சி கண்டறியப்பட்டது. முதலில் தோன்றிய வடிவத்தால் பூனைகளில் தொற்ற இயலவில்லை. பிந்தைய திரிபுகள் அத்திறனைப் பெற்றன. இன்றைய தடுப்பூசிகள் இம்மூன்று திரிபுகளுக்கு எதிராகவும் பாதுகாப்பு அளிப்பதாக ஏற்கப்பட்டுள்ளது.

இந்தியாவில்

இந்தியாவில் இந்நோய் குறித்த முதல் அறிக்கைகள் சென்னையிலிருந்து வெளிவந்தன. பி. இராமதாசு, டி. ஜி. ஏ. காதர் ஆகியோர் ஆய்வகச் சோதனைகள் மூலம் இந்நோயை உறுதி செய்தது பற்றிய கட்டுரை 1982இல் இந்தியக் கால்நடை மருத்துவ இதழில் வெளியானது. அதன்பின் நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் நோய் நிலைபெற்றுவிட்டது. இந்தியாவில் நெடுங்காலம் 2ஏ திரிபே மிகுதியாகக் காணப்பட்டது. அண்மை ஆண்டுகளில் 2சி திரிபும் பரவலாக அறியப்படுகின்றது.

பரவும் முறை

நோயுற்ற நாயின் மலமே முதன்மையான தொற்று வாயில். ஒரு கிராம் மலத்தில் நூறு கோடி வரை வைரசுத் துகள்கள் இருக்கக் கூடும். அம்மலம் பட்ட தரை, மண், உணவுத் தட்டு, சங்கிலி, கூண்டு, சாக்கு, காலணி, வண்டிச் சக்கரம், மனிதரின் கை ஆகிய அனைத்தும் வைரசைக் கடத்துகின்றன. ஆகவே வீட்டை விட்டு வெளியே செல்லாத குட்டிக்கும் நோய் வரலாம். வீட்டாரின் செருப்பே அதனை உள்ளே கொண்டு வந்திருக்கக் கூடும்.

வைரசு உடலில் நுழைந்து 3 முதல் 7 நாட்களில் அறிகுறிகள் தோன்றுகின்றன. சில வேளைகளில் 14 நாட்கள் வரை ஆகலாம். அறிகுறிகள் தோன்றும் முன்பே மலத்தில் வைரசு வெளியேறத் தொடங்கிவிடும்; நோய் தணிந்த பின்னரும் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் வரை தொடரலாம். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுள் ஒன்று நோயுறும்போது மற்றவையும் ஏற்கனவே தொற்றுக்கு ஆளாகியிருக்க வாய்ப்பு மிகுதி. புதிதாக வாங்கி வந்த குட்டி ஓரிரு நாட்களுக்குள் நோயுற்றால், அது வந்து சேரும் முன்னரே தொற்றுக்கு ஆளாகியிருந்தது என்று கொள்ளலாம்.

உடலில் ஏற்படும் மாற்றங்கள்

வாய் வழியாக நுழையும் வைரசு முதலில் தொண்டைப் பகுதியின் நிணநீர்த் திசுக்களில் பெருகி, பின்னர் இரத்தத்தில் கலக்கின்றது. அங்கிருந்து சிறுகுடலையும் எலும்பு மச்சையையும் அடைகின்றது.

சிறுகுடலின் உட்பரப்பில் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் உள்ளன. இவற்றின் மேலுள்ள உயிரணுக்கள் தேய்ந்து உதிர உதிர, அடிப்பகுதியில் உள்ள குழிகளிலிருந்து புதியவை உருவாகி ஈடு செய்யும். பார்வோ வைரசு அக்குழிகளையே அழித்துவிடுகின்றது. அதனால் உறிஞ்சிகள் சிதைந்து, உணவையும் நீரையும் உறிஞ்ச இயலாமல் போகின்றது; இரத்தமும் கசிகின்றது. குடலிலுள்ள பாக்டீரியாக்கள் சிதைந்த சுவர் வழியே இரத்தத்தில் நுழைகின்றன. அவற்றை எதிர்க்க வேண்டிய வெள்ளையணுக்களோ எலும்பு மச்சையின் பாதிப்பால் அப்போது குறைந்து போயிருக்கும். இறப்புக்குப் பெரும்பாலும் காரணமாவது இந்த நீரிழப்பும் பாக்டீரியாத் தொற்றும் ஆகும்.

தாயின் வயிற்றிலோ பிறந்த முதல் சில வாரங்களிலோ தொற்று ஏற்பட்டால் இதயத்தசை பாதிக்கப்பட்டுக் குட்டிகள் திடீரென இறக்கலாம். பெரும்பாலான தாய் நாய்கள் இன்று எதிர்ப்பொருள் பெற்றிருப்பதால் இவ்வகை அரிதாகிவிட்டது.

அறிகுறிகள்

* உணவில் நாட்டமின்மை, விளையாடாமல் ஒடுங்கிப் படுத்தல்
* காய்ச்சல், நோய் முற்றிய நிலையில் உடல் குளிர்ந்து போதல்
* தொடர்ந்த வாந்தி
* கடும் நாற்றமுள்ள நீர்க் கழிச்சல். பின்னர் அதில் இரத்தம் கலத்தல்
* கண்கள் குழிவிழுதல், ஈறுகள் உலர்ந்து வெளுத்தல், தோலை இழுத்து விட்டால் மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்புதல் (நீரிழப்பின் அடையாளங்கள்)

எல்லாக் குட்டிகளிலும் இரத்தக் கழிச்சல் உண்டாவதில்லை. இரத்தம் தெரியும் வரை காத்திருப்பது சிகிச்சைக்கான நேரத்தை வீணாக்கும். தடுப்பூசித் தொடரை முடிக்காத குட்டி ஒரு வேளை உணவை மறுத்து, இருமுறை வாந்தி எடுத்தாலே அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும். வேறுவகைக் குடல் தொற்றுகள், குடற்புழுக்கள், நச்சுப் பொருட்கள், விழுங்கிய அயற்பொருட்கள் ஆகியவற்றாலும் இவ்வறிகுறிகள் தோன்றலாம்.

நோயறிதல்

மல மாதிரியைக் கொண்டு சில நிமிடங்களில் முடிவு கூறும் அட்டைச் சோதனை கால்நடை மருத்துவமனைகளில் பயன்படுகின்றது. நோயின் மிகத் தொடக்கத்திலோ பிற்பகுதியிலோ இச்சோதனை நோய் இருந்தும் இல்லை எனக் காட்டக்கூடும். உயிருள்ள தடுப்பூசி போட்ட சில நாட்களுக்குள் செய்தால் மெல்லிய நேர்மறை முடிவு வருவதும் உண்டு. ஐயம் உள்ளவிடத்துப் பி.சி.ஆர். சோதனை மூலம் வைரசின் மரபுப்பொருள் கண்டறியப்படுகின்றது. இரத்தப் பரிசோதனையில் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை குறைந்திருப்பது நோயை உறுதிப்படுத்த உதவுவதுடன், அதன் கடுமையையும் காட்டுகின்றது.

சிகிச்சை

உடல் தானே வைரசை வெல்லும் வரை உயிரைக் காத்து நிற்பதே சிகிச்சையின் நோக்கம். இழந்த நீரையும் உப்புகளையும் சிரை வழியாக ஈடு செய்தல், இரத்தத்தில் குறையும் சர்க்கரையையும் பொட்டாசியத்தையும் சரி செய்தல், வாந்தியை நிறுத்தும் மருந்து, பாக்டீரியாத் தொற்றுக்கு எதிரான நுண்ணுயிர்க்கொல்லி, உடலை வெதுவெதுப்பாக வைத்தல் ஆகியவை இதன் கூறுகள். நுண்ணுயிர்க்கொல்லி பாக்டீரியாக்களுக்கு எதிராகவே தரப்படுகின்றது. வைரசின் மேல் அதற்கு எவ்விளைவும் இல்லை. வாந்தி முற்றிலும் நிற்கும் வரை பட்டினி போடுவது முன்னாளைய வழக்கம். வாந்தியைக் கட்டுப்படுத்தியவுடன் சிறிதளவு உணவைக் குழாய் வழியாகவேனும் தொடங்குவது மீட்சியை விரைவாக்கும் என்பது பின்னர் அறியப்பட்டது.

மருத்துவமனையில் பல நாட்கள் சேர்த்து வைக்கும் செலவைத் தாங்க இயலாமல் பல குடும்பங்கள் சிகிச்சையையே கைவிடுகின்றன. இது தொடர்பாக அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்ட ஆய்வு 2017இல் வெளியானது. அதில் 40 நாய்கள் இரு பிரிவாகச் சிகிச்சை பெற்றன. உள்நோயாளிகளாக இருந்தவற்றில் 90 விழுக்காடு பிழைத்தன. முதலில் சிரைவழித் திரவம் பெற்றபின், தோலுக்கடியில் திரவம், வாந்தி மருந்து, நுண்ணுயிர்க்கொல்லி ஆகியவற்றை வெளிநோயாளிகளாகப் பெற்றவற்றில் 80 விழுக்காடு பிழைத்தன. எனவே மருத்துவமனையில் சேர்க்க இயலாவிடினும் சிகிச்சையைக் கைவிட வேண்டியதில்லை. நாள்தோறும் கொண்டு வந்து சிகிச்சை பெறும் வழி உண்டா என்று மருத்துவரிடம் கேட்டறியலாம்.

வைரசுடன் நேரடியாகப் பிணையும் ஓரின எதிர்ப்பொருள் மருந்து ஒன்றுக்கு அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டு மே மாதம் நிபந்தனை ஒப்புதல் அளிக்கப்பட்டது.

வாந்தி எடுக்கும் குட்டியின் வாயைத் திறந்து மோர், இளநீர், கஞ்சி, முட்டை, நாட்டு மருந்து முதலியவற்றை வலிந்து ஊற்றுவது தீங்கானது. அவை மூச்சுக்குழாய்க்குள் சென்று நுரையீரல் அழற்சியை உண்டாக்கலாம். மனிதர்களுக்கான காய்ச்சல் மாத்திரை, கழிச்சலை நிறுத்தும் மாத்திரை ஆகியவற்றை மருத்துவர் கூறாமல் கொடுத்தலும் கூடாது.

தடுப்பூசி

சீம்பாலும் இடைவெளிக் காலமும்

பிறந்த முதல் நாளில் தாயின் சீம்பால் வழியாகக் குட்டிக்கு எதிர்ப்பொருள்கள் கிடைக்கின்றன. முதல் சில வாரங்களில் குட்டியைக் காப்பவை இவையே. ஆனால் உயிருள்ள தடுப்பூசியில் உள்ள வலுவிழந்த வைரசையும் இவை அழித்துவிடுகின்றன. அதனால் குட்டியின் உடல் தானாக எதிர்ப்பாற்றலைக் கற்றுக்கொள்ள இயலாமல் போகின்றது.

தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள் ஏறத்தாழ 10 நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகின்றது. குறையும் வழியில் ஓர் இடைப்பட்ட நிலை வருகின்றது. அந்நிலையில் எஞ்சியுள்ள எதிர்ப்பொருள் நோயைத் தடுக்கப் போதாது. ஆனால் தடுப்பூசியைத் தடுக்கப் போதுமானது. இதுவே இடைவெளிக் காலம் எனப்படுகின்றது.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். எதிர்ப்பொருளின் அளவு 80க்குக் குறைந்தால் நோய் தொற்றும் என்றும், 20 வரை குறைந்தால்தான் தடுப்பூசி வேலை செய்யும் என்றும் வைத்துக் கொள்வோம். முதல் குட்டி 640 என்னும் அளவுடனும், இரண்டாம் குட்டி 2,560 என்னும் அளவுடனும் வாழ்வைத் தொடங்குகின்றன.

* முதல் குட்டியின் அளவு 30ஆம் நாளில் 80ஐயும், 50ஆம் நாளில் 20ஐயும் அடையும். அதன் இடைவெளிக் காலம் 30 முதல் 50ஆம் நாள் வரை.
* இரண்டாம் குட்டியின் அளவு 50ஆம் நாளில் 80ஐயும், 70ஆம் நாளில் 20ஐயும் அடையும். அதன் இடைவெளிக் காலம் 50 முதல் 70ஆம் நாள் வரை.

இவ்விரண்டுக்கும் 45ஆம் நாளில் ஊசி போட்டால் இரண்டிலுமே அது பலனளிக்காது. 66ஆம் நாளில் போடும் இரண்டாம் ஊசி முதல் குட்டியை மட்டும் காக்கும். 87ஆம் நாளில் போடும் மூன்றாம் ஊசியே இரண்டாம் குட்டிக்கு உண்மையான முதல் தடுப்பூசி ஆகும். இரண்டு குட்டிகளின் தடுப்பூசிப் புத்தகத்திலும் ஒரே பதிவுகள் இருக்கும், பாதுகாப்போ வேறு.

எக்குட்டிக்கு எப்போது இக்காலம் முடிகின்றது என்பதை இரத்தச் சோதனை இன்றி அறிய முடியாது. தாயின் எதிர்ப்பொருள் அளவு, குட்டி குடித்த சீம்பாலின் அளவு ஆகியவற்றைப் பொறுத்து ஒரே ஈற்றுக் குட்டிகளிடையேயும் அது வேறுபடும். ஆகவே இடைவெளி விட்டுப் பலமுறை ஊசி போடப்படுகின்றது. இவை ஒன்றன் மேல் ஒன்றாக வலுவூட்டுவதற்காக மட்டும் போடப்படுபவை அல்ல. ஏதேனும் ஒன்றாவது உரிய காலத்தில் உடலில் பதிய வேண்டும் என்பதற்காகவே போடப்படுகின்றன. பெரும்பாலான குட்டிகளில் 16 வாரங்களுக்குள் தாயின் எதிர்ப்பொருள் தடைசெய்யாத அளவுக்குக் குறைந்துவிடுவதால், 16 வாரங்களிலோ அதற்குப் பின்னரோ போடப்படும் ஊசியே தொடரில் மிக முக்கியமானது.

கால அட்டவணை

உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதலைத் தழுவிய பொதுவான முறை பின்வருமாறு:

* 6 முதல் 8 வாரங்கள்: முதல் ஊசி
* அதன்பின் 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை
* 16 வாரங்களில் அல்லது அதற்குப் பின்: தொடரின் இறுதி ஊசி
* 26 வாரங்கள் அளவில்: மேலும் ஓர் ஊசி (முந்தைய ஊசிகள் எதுவும் பதியாத குட்டிகளையும் காப்பதற்காக)
* அதன்பின் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறைக்கு மேற்படாமல்

இந்தியாவில் பார்வோ தடுப்பூசி பெரும்பாலும் நாய்க் கடும்புலன் நோய் (டிசுடெம்பர்), கல்லீரல் அழற்சி முதலியவற்றுக்கான தடுப்பூசிகளுடன் சேர்ந்த கூட்டு ஊசியாகப் போடப்படுகின்றது. கூட்டிலுள்ள எலிக்காய்ச்சல் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும் என்பதால் மருத்துவர் கூறும் அட்டவணை வேறுபடலாம். வெறிநோய்த் தடுப்பூசி இதனின்று வேறானது. அதனைப் போட்டிருப்பது பார்வோ நோயிலிருந்து பாதுகாப்பு அளிக்காது.

தடுப்பூசி பலனளிக்காமைக்கான பிற காரணங்கள்

தடுப்பூசி 2 முதல் 8 பாகை செல்சியசு வெப்பநிலையில் வைக்கப்படுதல் வேண்டும். கடையிலிருந்து வாங்கிச் சட்டைப் பையிலோ வண்டிப் பெட்டியிலோ வெயிலில் எடுத்துச் சென்றால் உயிருள்ள வைரசு அழிந்து, ஊசி வெறும் நீராகிவிடும். பனிக்கட்டி வைத்த பெட்டியிலேயே எடுத்துச் செல்ல வேண்டும். கலந்த மருந்தை உடனே பயன்படுத்த வேண்டும். ஏற்கனவே தொற்றுக்கு ஆளாகி, அறிகுறி தோன்றாத நிலையில் உள்ள குட்டியையும் அந்நேரத்தில் போடப்படும் ஊசி காப்பாற்றாது.

இடத்தைத் தூய்மைப்படுத்தல்

நோயுற்ற நாய் இருந்த இடத்தைச் சோப்பு நீராலோ பினாயிலாலோ கழுவுவது போதுமானதன்று. குளோரின் சேர்மங்கள் இவ்வைரசை அழிக்கின்றன. பொட்டாசியம் பெராக்சிமோனோசல்பேட்டு கலந்த கிருமிநாசினிகளும் பலனளிக்கின்றன.

5 விழுக்காடு சோடியம் ஐப்போகுளோரைட்டுக் கரைசலில் ஒரு பங்கிற்கு 30 பங்கு நீர் சேர்ப்பது வழக்கமான அளவு. நம் ஊர்களில் எளிதில் கிடைக்கும் பிளீச்சிங் பவுடரில் ஏறத்தாழ 30 விழுக்காடு குளோரின் இருப்பதாகக் கொண்டால், அதே வலுவைப் பெற 10 லிட்டர் நீருக்கு 60 கிராம் அளவில் தேவைப்படும். பழைய, காற்றுப்பட்ட தூளில் குளோரின் குறைந்திருக்கும்.

1. மலம், வாந்தி, மண் ஆகியவற்றை முதலில் முற்றிலும் அகற்றுதல் வேண்டும். கரிமப் பொருள்கள் குளோரினை வீணாக்கிவிடும்.
2. சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, நீரை வடிய விடுதல் வேண்டும்.
3. புதிதாகக் கலந்த குளோரின் கரைசலை ஊற்றி, குறைந்தது 10 நிமிடம் ஈரமாகவே விடுதல் வேண்டும்.
4. நல்ல நீரால் கழுவி வெயிலில் உலர விடுதல் வேண்டும்.

குளோரின் கரைசலைக் கழிவறை அமிலத்துடன் கலக்கக் கூடாது. நச்சு வாயு உண்டாகும். சாக்கு, பழைய துணி, மரக்கூண்டு போன்று கழுவித் தூய்மைப்படுத்த முடியாதவற்றை அப்புறப்படுத்துவதே நல்லது.

மண் தரையையும் சாணம் மெழுகிய தரையையும் இம்முறையில் தூய்மைப்படுத்த இயலாது. மண்ணிலும் சாணத்திலும் உள்ள கரிமப் பொருள்களே குளோரினைச் செயலிழக்கச் செய்துவிடும். அத்தகைய இடத்தில் ஒரு குட்டி இறந்திருந்தால், தடுப்பூசித் தொடரை முடித்த நாயை மட்டுமே அடுத்துக் கொண்டு வருதல் வேண்டும்.

கொங்கு நாட்டில்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களை உள்ளடக்கிய கொங்கு வட்டாரத்தில் நாய் வளர்ப்பு இருவேறு சூழல்களில் நிகழ்கின்றது. நகரங்களில் லாப்ரடார், செர்மன் செப்பர்டு, ராட்வெய்லர் போன்ற அயல் இன நாய்கள் வீடுகளில் வளர்க்கப்படுகின்றன. ஊர்ப்புறங்களில் தோட்டத்துச் சாளைகளிலும் ஆட்டுப் பட்டிகளிலும் காவலுக்காக நாட்டு நாய்களும், இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை முதலிய தமிழக இன நாய்களும் வளர்க்கப்படுகின்றன. ராட்வெய்லர், டாபர்மேன், செர்மன் செப்பர்டு ஆகிய இனங்கள் இந்நோய்க்கு எளிதில் இலக்காவதாக ஆய்வுகள் கூறுகின்றன. நாட்டு நாய்கள் இயல்பிலேயே நோயை வெல்லும் என்னும் எண்ணம் தவறானது. தடுப்பூசி பெறாத எந்த இனக் குட்டியும் இறக்கக் கூடும்.

நகரத்தில் குட்டி வாங்குவோர் எதிர்கொள்ளும் இடர் பெரும்பாலும் வயது தொடர்பானது. 30 முதல் 45 நாட்களே ஆன குட்டிகள் 'ஓர் ஊசி போட்டாயிற்று' என்னும் சொல்லுடன் கைமாறுகின்றன. மேலே கண்டவாறு இவ்வயதே இடைவெளிக் காலம் தொடங்கும் வயது. தாயிடமிருந்து பிரிதல், பயணம், உணவு மாற்றம், பிற ஈற்றுக் குட்டிகளுடன் ஒரே கூண்டில் இருத்தல் ஆகிய அனைத்தும் அதே வாரத்தில் நிகழ்கின்றன. நடுவணரசின் 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் எட்டு வாரங்களுக்குக் குறைந்த குட்டிகளை விற்பதைத் தடை செய்கின்றன. குட்டி வாங்குவோர் பின்வருவனவற்றைச் சரிபார்த்தல் நன்று:

* குட்டியின் பிறந்த நாள். எட்டு வாரம் நிறைந்துள்ளதா என்பது
* தடுப்பூசிக் குப்பியின் ஒட்டுச்சீட்டு, போட்ட நாள், மருத்துவரின் கையொப்பம், பதிவு எண் ஆகியன புத்தகத்தில் உள்ளனவா என்பது
* தாய் நாய்க்குத் தடுப்பூசி போடப்பட்டுள்ளதா என்பது
* உடன்பிறந்த குட்டிகள் நலமாக உள்ளனவா என்பது

ஊர்ப்புறத்தில் இடர் வேறு வகையினது. தோட்டத்து நாய்கள் கட்டின்றித் திரிந்து, ஊர் நாய்களுடன் கலக்கின்றன. வாசல் மண்ணாகவே இருக்கின்றது. ஓர் ஈற்றுக் குட்டிகள் இறந்த அதே சாளையில் அடுத்த ஆண்டும் குட்டிகள் இறப்பதற்கு இதுவே காரணமாகலாம். தாய் நாய்க்கு இனச்சேர்க்கைக்கு முன்பே தடுப்பூசி போட்டு வைத்தலும், குட்டிகளை உயரமான, கழுவக்கூடிய காரைத் தரையில் வளர்த்தலும், வெளியிலிருந்து வருவோர் காலணியைக் கழற்றிக் கைகழுவிய பின் குட்டிகளைத் தொடுதலும் செலவு குறைந்த தடுப்பு முறைகள். தெருநாய்களுக்கான 2023ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் கருத்தடையையும் வெறிநோய்த் தடுப்பூசியையும் நோக்கமாகக் கொண்டவை. எனவே தெருக்களில் பார்வோ வைரசின் சுழற்சி குறையும் என எதிர்பார்க்க இயலாது. வளர்ப்போரே தம் நாய்களைக் காத்துக் கொள்ளுதல் வேண்டும்.

தடுப்பூசித் தொடர் முடியாத குட்டியைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும்போது தரையில் விடாமல் கையிலோ கூடையிலோ வைத்திருத்தல் வேண்டும். நோயுற்ற குட்டிகள் வந்து செல்லும் இடம் அதுவே.

இவ்வட்டாரத்தில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதல் இயங்கி வருகின்றது. உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. இவை இரண்டும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குபவை.

காட்டு விலங்குகள்

ஓநாய், நரி, செந்நாய் முதலிய நாய்க்குடும்ப விலங்குகளும் இவ்வைரசுக்கு இலக்காகக் கூடியவை. அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியிலுள்ள ஐல் ராயல் தீவில் 1980இல் 50 ஆக இருந்த ஓநாய்களின் எண்ணிக்கை 1982இல் 14 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் அத்தீவை அடைந்த பார்வோ வைரசு இச்சரிவுக்குக் காரணமாகக் கருதப்படுகின்றது. மகாராட்டிரத்தின் கானமயில் சரணாலயப் பகுதியில் ஊர் நாய்களிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில், பெரும்பாலான நாய்கள் இவ்வைரசின் தொற்றுக்கு ஆளாகியிருந்தது தெரிய வந்தது. கொங்கு வட்டாரத்தின் தெற்கிலும் மேற்கிலும் ஆனைமலை முதலிய காடுகள் உள்ளன. அங்கே செந்நாய்கள் வாழ்கின்றன. காட்டோர ஊர்களின் நாய்களுக்குத் தடுப்பூசி போடுவது அவற்றையும் காக்கும் செயலாகும்.

மனிதர்களும் பூனைகளும்

நாய்ப் பார்வோ வைரசு மனிதர்களுக்கு நோயை உண்டாக்குவதில்லை. குழந்தைகளுக்குக் கன்னங்கள் சிவக்கும் நோயைத் தரும் பார்வோ வைரசு பி19 என்பது வேறு வைரசு; அது மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவுவது. எனினும் நோயுற்ற நாயின் மலத்தில் வேறு கிருமிகளும் புழுக்களும் இருக்கலாம் என்பதால் கையுறை அணிந்தே தூய்மை செய்தல் வேண்டும். 2ஏ, 2பி, 2சி ஆகிய திரிபுகள் பூனைகளிலும் தொற்றக்கூடும். பூனைகளுக்கென உள்ள தடுப்பூசி அவற்றைக் காக்கின்றது.

நோயிலிருந்து மீண்ட நாய்

பிழைத்த நாய்க்கு நீண்டகால எதிர்ப்பாற்றல் கிடைக்கின்றது. அது மீண்டும் இந்நோயால் பாதிக்கப்படுவது அரிது. ஆயினும் கூட்டு ஊசி தடுக்கும் பிற நோய்களுக்காக அதன் தடுப்பூசித் தொடரை முடித்தல் வேண்டும். நலமடைந்தபின் குறைந்தது இரண்டு வாரங்கள் அதனைப் பிற நாய்களிடமிருந்து விலக்கி வைத்து, அதன் மலத்தை உடனுக்குடன் அப்புறப்படுத்துதல் இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்க

* நாய்
* வெறிநாய்க்கடி நோய்
* தடுப்பூசி
* சீம்பால்
* இராசபாளையம் நாய்
* செந்நாய்
* தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம்